அறைதலும் நிறுவலும்

(வடகரையில் தமிழன்பர் நடுவே நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊருக்கு ஒரு செய்தியை அறிவிக்க வேண்டுமாயின் பறையறைந்து சொல்லிய காலம் ஒன்றிருந்தது. அறைதல் என்னுஞ் சொல் அடித்தலையுங் குறிக்கும். அழுத்திச் சொல்லுதலையுங் குறிக்கும். பறை என்னுஞ் சொல்லும் அவ்வாறே. தோற்கருவியும் பறை, சொல்லுதலும் பறைதல். இவ்வடகரையினின்று செங்கோட்டை வழியே மலைக்கணவாய் கடந்து ஆரியங்காவுக்கு அப்பாற் செல்வோர், அங்குள்ள மக்கள் இன்றும் பேசுதலைப் பறைதல் என்றே வழங்கக் கேட்பர். தமிழில் நூல்வழக்காய்ச் சுருங்கிய பொருள், மலைக்கு அந்தப் பக்கத்தில் நாள்வழக்காய் நிற்கின்றது.

அழுத்திச் சொல்லுதல் என்பது யாது? எப்பொழுது அது மறமாகும்? எப்பொழுது அது வெற்றொலியாகும்? இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் தமிழர்க்கு நேர்ந்துள்ள இழப்பு யாது? இவையே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஆங்கிலச் சொல்லும் அதன் பிறப்பும்

ஆங்கிலத்தில் 'அசர்சன்' என்றொரு பெயர்ச்சொல் உண்டு. ஐயத்திற்கு இடமின்றி வலிந்து சொல்லுங் கூற்று என்பது அதன் பொதுப்பொருள். ஆயின் அச்சொல் ஒரே வேலையைச் செய்வதன்று. ஒருவர் ஒரு செய்தியை உறுதியாகச் சொன்னால் அதுவும் 'அசர்சன்'. சான்று காட்டாமல் அடித்துச் சொன்னால், குறை கூறும் முறையில், அதுவும் 'அசர்சன்' எனப்படும். தமக்குள்ள உரிமையைத் தாமே கையாண்டு நிலைநாட்டினால் அதுவும் 'அசர்சன்'. கூனி நில்லாது தன்னை நிமிர்த்தி நிற்கும் நிலையும் அதனோடு 'தன்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து அப்பெயரே பெறும்.

இங்ஙனம் செய்தி பற்றிய சொல்லும் உரிமை பற்றிய சொல்லும் ஒன்றாய் முடங்கிக் கிடத்தற்குக் கரணியம் அதன் பிறப்பில் உள்ளது. அச்சொல் இலத்தீனத்தினின்று வந்தது. 'தன்னோடு சேர்த்துக்கொள்ளுதல்' என்பது அதன் மூலப்பொருள். உரோமர் சட்டத்தில் அது முறைமன்றச் சொல்லாய் நின்றது. ஒருவன் அடிமையா, விடுதலையாளனா என்னும் வழக்கு எழுந்தால், அவன் தனக்காகத் தானே வழக்காட இயலாது. வேறொரு குடிமகன் முன்வந்து, முறைவன் முன்னிலையில் அவன்மேற் கைவைத்து, 'இவன் விடுதலையாளன்' என்று சொல்ல வேண்டும். அச்செயலுக்கே அப்பெயர். ஆயின் அதன் மறுபக்கமும் உண்டு. 'இவன் என் அடிமை' என்று கைவைத்துச் சொல்லுதற்கும் அதே சொல்லே வழங்கிற்று.

உரோம வரலாற்றாசிரியர் இலிவி ஒரு பழஞ்செய்தி கூறுவர். வெர்சீனியா என்னும் இளம்பெண்மேல் ஆட்சித்தலைவன் ஒருவன் வேட்கை கொண்டான். தன் ஏவலாள் ஒருவனைக் கொண்டு, 'இவள் என் அடிமைக்குப் பிறந்தவள்' என்று பொதுவிடத்திற் கைவைத்துச் சொல்லச் செய்தான். தீர்ப்புச் சொல்லும் இருக்கையிலும் அவ்வாட்சித்தலைவனே அமர்ந்திருந்தான். மகளைக் காக்க வேறு வழி காணாத தந்தை அவளைத் தன் கையாலேயே கொன்றான்; மக்கள் கொதித்தெழுந்து அவ்வாட்சியைக் கவிழ்த்தனர். இது கதையோ நிகழ்ச்சியோ, அதனுட் பொதிந்த பாடம் பெரிது. கைவைத்துச் சொல்லுதல் ஒருவனை விடுவிக்கவும் செய்யும், அடிமைப்படுத்தவும் செய்யும். சொல்லின் வலிமை ஒன்றே. பின்னிற்கும் மெய்யே வேறுபடுத்துவது.

தமிழ்ச்சொற்களின் இரு குடும்பங்கள்

இவ்வாங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிகர்ச்சொல் தேடுவோர் பெரும்பாலும் 'வலியுறுத்தல்' என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர். நாளிதழ்களிலே தலைவர் வலியுறுத்துகிறார், ஊழியர் வலியுறுத்துகின்றனர், மாவட்ட ஆட்சியரும் வலியுறுத்துகிறார். யார் எதைச் சொன்னாலும் வலியுறுத்தலே! வலி உறும்படி அழுத்துதல் என்பதே அதன் பொருள். எது அழுத்தப்படுகின்றது, செய்தியா, உரிமையா, வேண்டுகையா என்பதை அச்சொல் காட்டாது.

தமிழில் இப்பொருட்டு அமைந்த சொற்களை அடுக்கிப் பார்ப்பின் அவை இரண்டு குடும்பமாய்ப் பிரிகின்றன. ஒன்று ஒலிக் குடும்பம்: அறைதல், பறைதல், சாற்றுதல், முழங்குதல். மற்றொன்று ஊன்றற் குடும்பம்: நாட்டுதல், ஊன்றுதல், நிறுவுதல், நிலைநாட்டுதல். முன்னவை காதுக்கு எட்டுவன. பின்னவை மண்ணில் நிற்பன. நாட்டுதல் என்பது நடுதலோடு உறவுடையது. நிறுவுதல் என்பது நிற்றலோடு உறவுடையது. நாற்றங்காலிலிருந்து முடியைக் கையிலெடுத்து வரப்பில் நின்று எவ்வளவு கூவினாலும் வயல் பசுமையாவதில்லை என்பது வடகரை உழவர்க்குச் சொல்லித் தெரியவேண்டுவதன்று. குனிந்து சேற்றில் ஊன்றிய நாற்றே வேர்கொள்ளும்.

இவ்விரு குடும்பமும் வேண்டற்பாலனவே. அறையாத செய்தி ஊரறியாது. ஆயின் அறைந்ததோடு அமைவது நிறுவியதாகாது.

ஓர் ஏகாரத்தின் ஆற்றல்

அழுத்திச் சொல்லும் முறையைத் தமிழிலக்கணம் எத்துணை நுட்பமாய் வகுத்துள்ளது என்பதைத் தொல்காப்பிய இடையியல் காட்டும். ஏகார இடைச்சொல்லுக்கு ஆசிரியர் ஐந்து பொருள் கூறினார். அவற்றுள் ஒன்று தேற்றம், ஒன்று பிரிநிலை, ஏனைய வினா, எண், ஈற்றசை என்பன. தேற்றமாவது தெளிவு, ஐயமின்றித் துணிதல். 'மன்ற' என்னுஞ் சொல்லும் தேற்றப்பொருளது என்றும், 'கொல்' என்னுஞ் சொல் ஐயப்பொருளது என்றும் அவரே வரையறுத்தார். துணிந்த கூற்றுக்கு ஓர் அடையாளம். துணியாத கூற்றுக்கு வேறோர் அடையாளம். சொல்வோன் தன் கூற்றின் பின் எத்துணை உறுதியோடு நிற்கின்றான் என்பதைச் சொற்றொடரிலேயே காட்டிவிடும் ஏற்பாடு அது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'செங்கோட்டை தமிழ் வழங்கும் ஊரே' என்பது ஒரு கூற்று. 'செங்கோட்டை தமிழே வழங்கும் ஊர்' என்பது மற்றொரு கூற்று. சொற்கள் ஒன்றே, ஏகாரம் மட்டும் இடம் மாறிற்று. முன்னதில் ஏகாரம் தேற்றம். அது தமிழூர் என்பதில் ஐயமில்லை என்கின்றது. குடிமதிப்புக் கணக்கும், பள்ளிகளும், ஆவணங்களும் அதற்குச் சான்றாகும். பின்னதில் ஏகாரம் பிரிநிலை. அங்குத் தமிழன்றி வேறு மொழி இல்லை என்கின்றது. மலையாளம் பேசும் ஒரு வீட்டை எதிரி காட்டினால் அக்கூற்று அங்கேயே வீழும். முன்னதைச் சொல்லியவன் வெல்வான். பின்னதைச் சொல்லியவன், தன் பக்கம் மெய்யிருந்தும், தோற்பான். ஓரெழுத்தை இடம் பெயர்த்தமையால் வந்த தோல்வி அது!

மேலைநாட்டு ஏரணத்திலும் இந்நுட்பத்தை நாடியோர் உளர். செருமானிய அறிஞர் பிரேகே 1879இல் வெளியிட்ட நூலில், ஒரு கருத்தை எண்ணுதல் வேறு, அது மெய்யென்று துணிந்து கூறுதல் வேறு எனப் பிரித்து, பின்னதற்கென ஒரு செங்குத்துக் கோட்டைக் குறியாக வகுத்தார். தேற்றேகாரமும் அக்குறியும் ஒன்றே என்று சொல்லிவிடல் தகாது. அவர் நோக்கம் கணக்கியல். தொல்காப்பியர் நோக்கம் வழக்கும் செய்யுளும். எனினும், கருத்து வேறு, அதற்குத் தரும் உறுதி வேறு என்னும் உணர்வு இரண்டிடத்தும் உண்டு. இவ்வளவே சான்று காட்டும். இவ்வளவே சொல்லத் தகும்.

கணிப்பொறித் துறையிலும் இச்சொல் வேலை செய்கின்றது. 1949இல் ஆங்கில அறிஞர் ஆலன் தூரிங், நீண்ட கணிப்பு நிரலொன்று சரியானதா என ஆய்வதற்கு ஒரு வழி கூறினார். நிரலை எழுதியோர் இடையிடையே 'இவ்விடத்தில் இன்னது மெய்யாக இருக்கும்' என்று தனித்தனி உறுதிக்கூற்றுகளை வைத்துச் செல்லவேண்டும். ஆய்வோர் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்பது அது. இற்றை நிரல் மொழிகள் பலவற்றில் அவ்வுறுதிக்கூற்றுக்கெனத் தனிக் கட்டளையே உண்டு. கூற்று பொய்யாயின் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். பொறிக்குக் கூச்சல் தெரியாது. மெய்யா பொய்யா என்பதே தெரியும்.

வஞ்சினம்: தன்னையே ஈடாக வைத்தல்

பழந்தமிழ் வேந்தர் வலிந்துரைத்த முறையையும் காண்க. காஞ்சித்திணையில் வஞ்சினக்காஞ்சி என்றொரு துறை உண்டு. புறநானூற்றின் 71, 72, 73 ஆம் பாட்டுகள் அத்துறைக்கு எடுத்துக்காட்டாவன. பாடியோர் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், சோழன் நலங்கிள்ளி என்னும் வேந்தர் மூவர். மூன்றிலும் அமைப்பு ஒன்றே. இன்னதைச் செய்து முடியேனாயின் இன்ன இழிவு எனக்கு நேர்க என்பதே அது. இளையன் என்று பகைவர் எள்ளிய நெடுஞ்செழியன், தான் தோற்பின் புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்றான். பொருளையோ பொன்னையோ ஈடு வைக்கவில்லை. புகழை ஈடு வைத்தான். பின்னர்த் தலையாலங்கானத்தில் வென்று, சொல்லைச் செயலால் நிறுவினான்.

சூளுரைக்கும் வெற்றுரைக்கும் வேறுபாடு இதுவே. சூளுரைப்போன் தன் கூற்றுக்குத் தானே பிணை நிற்கின்றான். வெற்றுரை சொல்வோன் ஒன்றும் இழக்க அணியமாயில்லை. ஆகலின் எதையும் சொல்வான்.

உறுதிமொழி என்பது இவ்விரண்டினும் வேறு. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பட்டியல் பொறுப்பேற்போர்க்கு இருவழி தருகின்றது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். அன்றி உளமார உறுதி கூறலாம். ஆகவே உறுதிமொழி என்னுஞ் சொல்லை 'அசர்சன்' என்பதற்கு ஈடாக்கிக் குழப்பலாகாது.

உரிமையும் வேண்டுகையும்

இனி, தமிழர் வாழ்வைத் தொடும் இடத்திற்கு வருவோமாயின், அங்கே பெரியதோர் பிழை காணப்படும். ஆங்கிலத்தில் 'உரிமையின் அசர்சன்' என்று வருமிடத்தைத் தமிழிற் பெயர்ப்போர் 'உரிமைக் கோரிக்கை' என்று எழுதிவிடுகின்றனர். 'டிமாண்டு' என்பதற்கும் அதுவே. 'கிளெய்ம்' என்பதற்கும் அதுவே. மூன்றும் ஒன்றல்ல.

வேண்டுகையாவது முடிவைப் பிறர் கையில் வைப்பது. அவர் தரலாம், மறுக்கலாம். உரிமைகோளாவது 'இஃது என்னுடையது' என்று வழக்கிடுவது. முடிவு முறைமன்றத்தின் கையில் உள்ளது. உரிமை நிலைநாட்டலாவது, உரிமை முன்னரே தன்னிடம் உள்ளது எனத் துணிந்து, அதனை எடுத்து ஆளுதல். உரிமையை நிலைநாட்டிய ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றைக் கோரிக்கை என்று எழுதினால், நிமிர்ந்து நின்றவரைக் கையேந்தி நின்றவராக்கி எழுதியதாகும். ஒரு சொல் மாறினால் ஒரு தலைமுறையின் முதுகு வளைந்துவிடும்.

இதனை விளக்கச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததாய் இருந்தது. ஆற்றங்கரை ஒன்றே; வயல் ஒன்றே; மொழி ஒன்றே; ஆட்சி மட்டும் வேறு. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு என்னும் அமைப்பு, நேசமணி முதலியோர் தலைமையில், தமிழர் வாழும் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிற்று. செங்கோட்டைப் பகுதியிற் சட்டநாதக் கரையாளர் அப்பணியில் முன்னின்றார். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என ஒன்பது வட்டங்கள் அவர்தம் பட்டியலில் இருந்தன. 1954 ஆகசுட்டு 11 அன்று தென்திருவிதாங்கூரில் காவல்துறை சுட்டதில் தமிழர் பலர் உயிரிழந்தனர்.

1953 இறுதியில் அமைக்கப்பட்ட பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் தன் அறிக்கையைத் தந்தது. தெற்கிலுள்ள நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் தமிழகத்திற்கு என்றது. தேவிகுளம், பீர்மேடு என்னும் இரண்டையும் தர மறுத்தது. கரணியம் யாது? தேவிகுளத்தில் தமிழர் தொகை மிகுதி என்பதை ஆணையம் அறியாததன்று. ஆயின் அவருட் பெரும்பாலோர் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு வேலைதேடி வந்தோர், நிலையாய் வேரூன்றியோர் அல்லர் என்னும் எதிர்வழக்கிற்கு அது செவி சாய்த்தது. பொருளியற் கரணியங்களையும் சேர்த்துக்கொண்டது.

அவ்வெதிர்வழக்கு முறையானதன்று என்று சொல்லத் தமிழர்க்கு முழு உரிமை உண்டு. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கி, அம்மண்ணிலேயே பெற்று, அம்மண்ணிலேயே புதைத்தோரை வந்தேறிகள் என்பது எங்ஙனம் பொருந்தும்? எனினும் ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. செங்கோட்டை கிடைத்தது, உரக்கக் கூவியமையால் மட்டும் அன்று. நிலவரியும், ஆவணமும், கோயிலும், வாய்க்காலும், கல்லறையும் தமிழில் இருந்தமையால். அங்கே வாழ்வே சான்றாய் நின்றது. தோட்டத் தொழிலாளர்க்கோ நிலமில்லை, பட்டா இல்லை, குடியிருந்த வீடும் தோட்ட முதலாளியது. தமிழர் தொகை இருந்தது. அத்தொகைக்கு அடியில் ஆவணம் இல்லை. அதைத் தர வேண்டியோர் தரவில்லை. உரிமை நிலைநாட்டப்படுவதற்கு மண்ணிற் காலூன்றல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அவ்விரு மலை வட்டங்களும் மாறாத சான்று.

செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. இற்றை இளைஞர்க்கு அங்கோர் ஆட்சியெல்லை இருந்தது என்பதே தெரியாது. நிறுவப்பட்ட உண்மையின் இயல்பு அது. நிறுவிய பின் அதனை யாரும் கூவிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு பெயருக்காக ஓருயிர்

அதே 1956ஆம் ஆண்டில் விருதுநகரில் நிகழ்ந்ததையும் நினைக்க. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் முதலியவற்றுக்காகச் சங்கரலிங்கனார் சூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். அக்தோபர் 13 அன்று உயிர் நீத்தார். அவர் தாளில் எழுதியவை வேண்டுகைகள். அவர் செய்தது நிலைநாட்டல். பண்டை வேந்தர் புகழை ஈடு வைத்தனர். அம்முதியவர் உயிரை ஈடு வைத்தார். 1967 சூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத்திற்கு இசைந்து முடிவு நிறைவேற்றிற்று; 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. சொல்லுக்கும் அது மண்ணில் நிலைகொண்டதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

செய்தியை நிறுவுதல்

உரிமையைப் போலன்று செய்தி. உரிமையை வாழ்வால் நிலைநாட்டலாம். செய்தியைச் சான்றாலன்றி நிறுவ இயலாது. இவ்விரண்டையும் குழப்பி, உரிமைக்குக் கையேந்துவதும் செய்தியை உரத்த குரலால் நிறுவ முயல்வதும் தமிழர்தம் இரட்டைப் பிழை.

தமிழ் வடமொழியின் வழிவந்ததன்று என்பதை இன்று எவரும் எளிதாய்ச் சொல்வர். ஆயின் அதனை நிறுவியோர் பட்ட பாடு பெரிது. 1816இல் எல்லிசு என்னும் ஆங்கிலேய அலுவலர் தென்மொழிகளின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டுக் காட்டி, அவை தனிக்குடும்பம் என்றார். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, ஒலி, பெயர், வினை, எண், இடப்பெயர் என ஒவ்வோர் உறுப்பாக அடுக்கிக் காட்டினார். அவர் அறைந்தது சிறிது, அடுக்கியது பெரிது. ஆகலின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அடிப்படை அசையவில்லை.

தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று பரிதிமாற் கலைஞர் முன்பே எடுத்துரைத்தார். 2000ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சியார்சு ஆர்ட்டு, தமிழ் ஏன் செம்மொழியாகும் என்பதற்குத் தொன்மை, தனித்தன்மை, இலக்கிய வளம் முதலியவற்றை வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை எழுதினார். 2004 அக்தோபர்த் திங்களில் இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது. அவ்வறிக்கையில் முழக்கம் இல்லை. இலத்தீனமும் கிரேக்கமும் வடமொழியும் அறிந்த ஒருவர் எடைபோட்டுச் சொல்லிய முடிபே உண்டு. அதுவே அதன் வலிமை.

இம்மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் 1902இற் பிறந்தவர் பாவாணர். அவர் முடிபுகளை முற்றும் ஏற்போரும் உளர். சிலவற்றை மறுப்போரும் உளர். ஆயின் ஒரு சொல் தமிழே என அவர் சொல்ல வந்தால், 'தமிழே' என்று கூறி நிற்கவில்லை. அதன் வேரைக் காட்டினார். அவ்வேரிற் கிளைத்த சொற்களை நிரல்பட நிறுத்தினார். திராவிட மொழிகளில் அதன் வடிவங்களை உடன்வைத்தார். மறுப்போரும் அவ்வடுக்கை எடுத்துப் பார்த்தே மறுக்க வேண்டியதாயிற்று. பின்வருவோர் அவரிடம் கொள்ளவேண்டியது அவ்வுழைப்பை. உழைப்பை விடுத்து முடிபை மட்டும் மேடையிற் கூவுவோர் அவர்க்கு வழித்தோன்றல் ஆகார்.

குமரிநாடு பற்றிய பேச்சிலும் இதுவே முறை. கடல்கோளால் நிலம் அழிந்தது என இறையனார் களவியலுரை முதலியன கூறுகின்றன என்பது உறுதிக்கூற்று, நூலே சான்று. அந்நிலம் இத்துணைக் காதம் பரந்தது, இத்துணை ஆயிரம் ஆண்டு வாழ்ந்தது என்று அளவு சொல்லுதற்கோ கடலடி ஆய்வின் சான்று வேண்டும். அது கிட்டுங்காறும் தேற்றேகாரத்தைக் கட்டி வைத்து, 'கொல்' என்னும் ஐயச்சொல்லோடு பேசுதலே தொல்காப்பியர் காட்டிய நெறி. கீழடியில் கிடைத்த கரிமச் சான்றுகளுள் ஒன்று கி.மு. 580 அளவினது எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அதனை அவ்வாறே சொன்னால் உலகம் எழுந்து நின்று கேட்கும். பத்து மடங்காக்கிச் சொன்னால், உள்ள ஒரு மடங்கையும் நம்பாது போகும். தமிழின் பகைவர் அஞ்சுவது முழக்கத்திற்கன்று, மறுக்கவொண்ணாச் சான்றுக்கே.

செய்யத் தக்கது

உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாதல் வேண்டும் என 2006இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் முடிவு நிறைவேற்றிற்று. இன்னும் அது கைகூடவில்லை. அதற்கென வேண்டுகை விடுப்பது ஒருபுறம் நிற்க, எவர் இசைவும் வேண்டாத இடங்களில் தமிழர் தம் உரிமையை எடுத்து ஆள்கின்றனரா என்பதே கேள்வி. கடைப்பலகையைத் தமிழில் எழுத யார் தடை? ஊராட்சிக்குத் தரும் முறையீட்டைத் தமிழில் எழுத யார் தடை? பிறந்த மகவுக்குத் தமிழ்ப்பெயர் சூட்ட எந்த ஆணையத்தின் அறிக்கை வேண்டும்? கையெழுத்தைத் தமிழில் இட எந்தச் சட்டமன்ற முடிவு வேண்டும்? ஆங்கிலத்திற் கையெழுத்திட்டு, அதன் கீழ்த் தமிழுக்கு உரிமை கேட்டு எழுதிய தாள்கள் எத்துணை! அத்தாளின் அடியிலுள்ள கையெழுத்தே அத்தாளை மறுத்துரைக்கின்றதே!

ஆகலின் சொற்களை வரையறுத்துக் கொள்க. ஐயமின்றிச் சொல்லுங் கூற்று உறுதிக்கூற்று. சான்றின்றி அடித்துச் சொல்வது வெற்றுரை. தன்னைப் பிணை வைத்துச் சொல்வது சூளுரை. பிறர் தருமாறு கேட்பது வேண்டுகை. 'என்னுடையது' என வழக்கிடுவது உரிமைகோள். உள்ள உரிமையை எடுத்தாளுதல் உரிமை நிலைநாட்டல். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று கணக்குப் பாராது, இடமறிந்து இவற்றுள் ஒன்றை எடுத்தாளுதலே தமிழறிந்தார் கடன். மொழிபெயர்ப்போர்க்கு மட்டும் உரிய கடனன்று இது. வாயைத் திறந்து தமிழுக்காகப் பேசும் ஒவ்வொருவர்க்கும் உரியது.

பேசுமுன் ஒரு வினாவைத் தமக்குள் எழுப்புக: இது செய்தியா, உரிமையா? செய்தியாயின் சான்று கையில் உண்டா? உண்டெனின் சான்றின் அளவிற்குச் சொல்க. ஒரு மயிரிழையும் மிகுதல் வேண்டா. உரிமையாயின், கேட்டு நிற்றல் வேண்டா; எடுத்து ஆள்க. செய்தியிற் பணிவும் உரிமையில் நிமிர்வும் வேண்டும். இவை தலைமாறிய இடத்தில்தான் தமிழினம் இழந்ததெல்லாம் இழந்தது.

பறையின் ஒலி காற்றோடு போம். நட்ட நாற்று நிற்கும். அறைவோர் பலராயினர், நிறுவுவோர் பெருகுக!

வெல்க தமிழ்!